டைம் ப்ளீஸ்

சனிக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு வாசலில் குரல் கேட்டது. "அம்மா, சிலிண்டர்!"

அந்த நேரத்தில் நான் ஒரு குகையின் அடியாழத்தில், ஆறு கை முளைத்த கல் பூதம் ஒன்றின் எதிரே நின்றுகொண்டிருந்தேன். கூட நான்கு பேர். பூதத்தின் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் டேங்க் ஒருவர், பூதத்தை அடிப்பவர்கள் மூவர். நான் ஹீலர், அதாவது இந்த நால்வரின் உயிரும் போகாமல் மந்திரம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியவள். பூதத்துக்கு இன்னும் கால்வாசி உயிர் பாக்கி. வீட்டிலோ வேறு ஆளில்லை. கணவர் மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தார். மாமியார் குளியலறையில்.

சாட்டில் "இதோ வந்துவிடுகிறேன்" என்பதற்கான ஆங்கில மூன்றெழுத்தைத் தட்டிவிட்டு ஓடினேன்.

சிலிண்டர்காரர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்கம்மா என்றார். போன் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து பார்த்தால், நம்பர் கணவருடைய போனுக்குப் போயிருக்கிறது. அவரைக் கூப்பிட்டால், நீச்சல்குளத்துக் கூச்சலில் நான் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை. ஒருவழியாக நம்பர் கிடைத்தது. அப்புறம், இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்காத சிலிண்டர்காரர் அன்றைக்கென்று பார்த்து, "எடை போட்டுக் காட்டவாம்மா?" என்றார்.

திரும்பி வந்தபோது திரையில் குகையே இல்லை. ஊர் வாசலில் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தேன். சாட் பெட்டியை மேலே தள்ளிப் பார்த்ததில் கதை தெரிந்தது. முதலில் ஒரு கேள்விக்குறி. அடுத்து, "ஹீலர்?" அடுத்து நாலைந்து கேள்விக்குறிகள். அதற்கடுத்த இரண்டு வரிகளை இங்கே எழுத முடியாது. கடைசியில், ஓட்டெடுப்பு நடத்தி உங்களைக் குழுவிலிருந்து நீக்கியிருக்கிறார்கள் என்ற அறிவிப்பு. திரையின் மூலையில் தண்டனைச் சின்னம் ஒன்றும் ஒட்டியிருந்தது: அரை மணி நேரத்துக்கு வேறு எந்தக் குழுவிலும் சேர முடியாது.

ஹீலருக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு என்பதால் அந்தக் குகைக்குள் போக நான் ஐந்து நிமிஷம்தான் காத்திருந்தேன். அடிப்பவர்கள் மூவரும் அரை மணிக்குக் குறையாமல் காத்திருந்திருப்பார்கள். அதனால் அந்த இரண்டு வரிகளுக்காக அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்மேலும் இல்லை. சிலிண்டர்காரர்மேல் கொஞ்சம் உண்டு.

சின்ன வயதில் தெருவில் ஓடிப்பிடித்து ஆடிய காலத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. அம்மா கூப்பிட்டாலோ, செருப்பு வார் அறுந்தாலோ, "டைம் ப்ளீஸ்!" என்று கத்தினால் போதும். துரத்துகிறவன் கை தொடும் தூரத்தில் இருந்தாலும் தொடக் கூடாது. கடைக்குப் போய்க் கால் கிலோ சர்க்கரை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து ஓடலாம். அது இரண்டு ஆங்கிலச் சொற்கள் என்பதே ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. டைம்ப்ளீஸ் என்று ஒரே வார்த்தையாகத்தான் நினைத்திருந்தேன்.

ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்துக்குள் நுழைந்து, ஆளுக்கொரு வேஷம் கட்டி ஆடும் இந்த இணைய விளையாட்டுகளில் எல்லாம் இருக்கிறது. பறக்கும் குதிரை இருக்கிறது, ஏலச் சந்தை இருக்கிறது, தூண்டில் இருக்கிறது. டைம் ப்ளீஸ் மட்டும் கிடையாது.

எனக்கு வயது 41. திருச்சியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. 2020 ஊரடங்கில், சிங்கப்பூரில் இருக்கும் தம்பிதான் என்னை இதில் இழுத்துவிட்டான். "அக்கா, நீ ஹீலர் எடு. ஹீலருக்கு எப்பவும் டிமாண்டு, யாரும் உன்னை வேணாம்னு சொல்ல மாட்டாங்க" என்றான். கல்யாணம் ஆனதும் அவன் ஆட்டத்தை விட்டுவிட்டான். நான் விடவில்லை. எந்த விளையாட்டு என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அதன் ரசிகர்கள் வந்து, நான் எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்தியிருக்க வேண்டும் என்று எனக்கு விளக்குவார்கள்.

நான் ஆடும் சர்வர் ஐரோப்பாவில் இருக்கிறது. தம்பியின் நண்பர் கூட்டம் அங்கே இருந்ததால் அங்கே போய் உட்கார்ந்தோம், இப்போது மாற மனசில்லை. இதனால் வரும் தொல்லைகள் இரண்டு. ஒன்று பிங். என் பொத்தான் அமுக்கல் கடலடிக் கேபிள்களில் போய் விடை வாங்கி வர 160, 170 மில்லிசெகண்ட் ஆகிறது. தரையில் சிவப்பு வட்டம் தெரிந்ததும் நான் நகர்ந்துவிடுகிறேன். சர்வரின் கணக்கில் நான் இன்னும் நகரவில்லை, செத்துவிட்டேன். இது பழகிவிட்டது. கொஞ்சம் முன்கூட்டியே பயப்படக் கற்றுக்கொண்டால் போதும்.

இரண்டாவது தொல்லை கடிகாரம். ஜெர்மனியில் வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு ஆற அமர உட்காரும்போது இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. மார்ச் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிக்கொள்வதால் அது பதினொன்றரை ஆகும், அக்டோபர் கடைசியில் மறுபடி பன்னிரண்டரை. வருஷத்தில் ஏழு மாதம் எனக்கு ஒரு மணி நேரம் லாபம். இந்தக் கோடைக்கால லாபத்தை நான் எதிர்பார்த்துக் காத்திருப்பது யாருக்கும் புரியாது.

இந்த வகை விளையாட்டின் மூதாதையே ராக்கோழிகளுக்கானதுதான் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் மட் என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார், ரிச்சர்ட் பார்ட்டில் அதை எடுத்து வளர்த்தார். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் பகலில் வேறு வேலையாக இருக்கும் என்பதால், வெளியாட்கள் நள்ளிரவு தாண்டித்தான் உள்ளே வந்து ஆட முடிந்தது. அவர்களுக்கும் மறுநாள் ஆபீஸ் இருந்திருக்கும்.

ஆபீஸ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பத்து, இருபது பேர் சேர்ந்து ஒரு பெரிய அசுரனை அடிக்கப் போவதற்கு இந்த உலகத்தில் ரெய்டு என்று பெயர். ஒரு வியாழக்கிழமை மதியம் தம்பி போன் செய்தபோது, "இன்னிக்கு ராத்திரி ரெய்டு இருக்குடா, நாளைக்குப் பேசறேன்" என்று சொல்லி வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் எங்கள் ஆடிட்டர் சார் பக்கத்தில் நிற்கிறார், முகத்தில் ரத்தமே இல்லை. "எந்தப் பார்ட்டிம்மா?" என்றார். ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சொல்லக் கூடாத வார்த்தை அது என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த ரெய்டு கதையைச் சொல்ல வேண்டும். நான் இருந்த கில்டு, அதாவது கூட்டம், சுமார் நாற்பது பேர் கொண்டது. வாரம் இரண்டு ராத்திரி ரெய்டு. சேர்வதற்கு விண்ணப்பப் படிவம் உண்டு. என்ன கியர், அதாவது கவசமும் ஆயுதமும், வைத்திருக்கிறீர்கள், முன் அனுபவம் என்ன, வாரம் இரண்டு நாளும் தவறாமல் வர முடியுமா, வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரம் முன்னால் சொல்வீர்கள்? எனக்கு இப்போதைய வேலை கிடைத்தபோதுகூட இவ்வளவு கேட்கவில்லை. சேர்ந்த பிறகு ஓர் எக்ஸெல் ஷீட் வந்தது. யாருக்கு எந்த நொடியில் எந்த மந்திரம் என்று கலர் கலராகக் கட்டங்கள். மூன்று நிமிஷம் பன்னிரண்டு நொடியில் நான் இடதுபக்கத் தூணுக்குப் பின்னால் நின்று பெரிய குணப்படுத்தலைப் போட வேண்டும். பகல் முழுக்க எக்ஸெல் பார்த்துவிட்டு, ராத்திரி வேஷம் கட்டிக்கொண்டு மறுபடி எக்ஸெல்.

அந்த ஷீட்டில் பிழை ஒன்றைக் கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்தேன். தலைவர் ரொம்பச் சந்தோஷப்பட்டார். நான்கு வாரம் கழித்து, வருகைப்பதிவு 60 சதவீதத்துக்குக் கீழே போனதால் என்னை மாற்று ஆட்கள் வரிசைக்கு அனுப்பிவிட்டார். மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கெடு என்பதை ஒரு டேனிஷ்காரருக்கு எப்படி விளக்குவது? விளக்கினேன். "புரிகிறது, ஆனால் மற்ற பத்தொன்பது பேருக்கும் வேலை இருக்கிறது" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் இழுப்பார்கள். வடத்தைப் பிடிக்க வருகிறவனிடம் போன வருஷம் எங்கே இழுத்தாய், உன் புஜபலம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. பத்தடி இழுத்துவிட்டு மோர் குடிக்கப் போனாலும் தேர் நிற்காது. கூட்டமாக ஒரு காரியம் செய்வது என்றாலே எனக்கு அந்தப் படம்தான் மனதில் வரும். அந்த நினைப்போடு ரெய்டுக்குப் போனது என் தப்பு. அது தேர் இல்லை, கழைக்கூத்து. ஒருவர் கால் தவறினால் எல்லோரும் விழ வேண்டியதுதான்.

முன்பு இதைவிட மோசம். 2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் பெரிய ரெய்டுகளுக்கு 40 பேர் வேண்டும். 2007இல்தான் அதை 25 ஆகக் குறைத்தார்கள். அதற்கும் முந்தைய எவர்குவெஸ்ட், 1999இல் வந்தது. அதில் செத்தால் சேர்த்துவைத்த அனுபவப் புள்ளிகளில் ஒரு பங்கு போய்விடும், உடைமைகள் எல்லாம் பிணத்தோடு செத்த இடத்திலேயே கிடக்கும். வெறுங்கையோடு மறுபடி அந்த ஆபத்தான இடத்துக்கே போய்ச் சொந்தப் பிணத்தைத் தேடி எடுக்க வேண்டும். நாள் கடந்தால் பிணம் அழுகி, பொருளும் போய்விடும். செவ்வாய்க்கிழமை ராத்திரி செத்துவிட்டு, புதன்கிழமை ஆபீஸில் உட்கார்ந்து தன் பிணத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

ஃபைனல் ஃபேன்டஸி 11 என்ற ஜப்பானிய விளையாட்டில் 2008இல் நடந்தது இன்னும் விசேஷம். பாண்டிமோனியம் வார்டன் என்ற அசுரனை அடிக்க ஒரு கூட்டம் இறங்கியது. 18 மணி நேரம் அடித்தார்கள். சிலர் வாந்தி எடுத்தார்கள், சிலருக்கு மயக்கம் வந்தது. அசுரன் சாகவில்லை, இவர்கள்தான் தோற்று எழுந்து போனார்கள். செய்தி பரவியதும் நிறுவனம் இரண்டு மணி நேரத்தில் அசுரன் தானாக மறைந்துவிடும்படி மாற்றியது. அதே விளையாட்டுக்குள் நுழையும்போதெல்லாம் ஓர் அறிவுரை திரையில் வரும்: குடும்பத்தையும் நண்பர்களையும் படிப்பையும் வேலையையும் மறந்துவிடாதீர்கள் என்று. சிகரெட் பெட்டி மேல் போடும் படம் மாதிரி. எச்சரித்தும் ஆயிற்று, விற்றும் ஆயிற்று.

இவையெல்லாம் முரட்டுத்தனமான காலத்துக் கதைகள். இப்போது அப்படி யாரும் அடிப்பதில்லை, தடவிக் கொடுத்தே வேலை வாங்குகிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே போனதும் அன்றைய பணிகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். பத்து ஓநாய், எட்டு மூலிகை, ஒரு கடிதப் பட்டுவாடா. இன்று செய்யாவிட்டால் இன்றைய நாணயம் போச்சு, நாளைக்குச் சேர்த்துச் செய்ய முடியாது. வாரப் பணி புதன்கிழமையோடு முடியும். பருவப் பரிசு அடுத்த மாதத்தோடு முடியும், அப்புறம் அந்தச் சிவப்புக் கொம்புக் குதிரை உலகத்தில் யாருக்கும் கிடைக்காது. கெடு தேதிகளை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவள் நான். மாதாமாதம் 20ஆம் தேதி எனக்குத் தெரியும். அதைத் தப்பவிட்டால் அபராதம், வட்டி. பொழுதுபோக்க வந்த இடத்திலும் யாரோ ஒருவர் எனக்கு 20ஆம் தேதி வைத்துக் காத்திருக்கிறார்.

ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தேன். எழுந்து உட்கார்ந்ததும் முதலில் வந்த எண்ணம், ஏழு நாள் நாணயம் போச்சே என்பது. அன்றைக்கு என்மேல் எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டின் சோதனைக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் இந்த வித்தை எப்படி வேலை செய்கிறது என்று புரியும். ஒருவர் தொடர்ந்து ரொம்ப நேரம் ஆடினால் அவருக்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளியைப் பாதியாக்குவது என்று முதலில் வைத்திருந்தார்கள். நோக்கம் நல்லதுதான், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்பது. ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். நிறுவனம் பாதியாகக் குறைப்பது என்பதை எடுத்துவிட்டு, ஓய்வெடுத்து வந்தால் இரண்டு மடங்கு என்று போட்டது. அடிப்படை எண்களை அதற்கேற்பச் சரிக்கட்டியதால் கணக்கு ஏறக்குறைய பழையதுதான், பெயர்தான் மாறியது. எல்லோருக்கும் திருப்தி. விலையை ஏற்றி எழுதி அதன்மேல் கோடு போட்டு, பக்கத்தில் ஆடித் தள்ளுபடி என்று எழுதுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாமல் போகாது. புரிந்தும் வாங்குவோம், அது வேறு விஷயம்.

ரூன்ஸ்கேப் என்று ஒரு பழைய விளையாட்டு இருக்கிறது, 2001இல் வந்தது. ஆரம்பத்தில் அதில் ஒவ்வொரு திறமையும் 99ஆம் நிலை வரைதான் போகும். 99ஐத் தொட 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். 92ஆம் நிலையில் இருப்பவர் கிட்டத்தட்ட முடித்துவிட்டோம் என்று நினைப்பார். அவர் கையில் இருப்பது 65,17,253. சரி பாதி. மிச்சப் பாதி அந்த ஏழு படிகளில் இருக்கிறது. வீட்டுக்கடன் கட்டுகிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். இருபது வருஷக் கடனில் பத்து வருஷம் கட்டிவிட்டு மிச்ச அசலைக் கேட்டால், மேனேஜர் சொல்லும் தொகையில் ஒரு நிமிஷம் நெஞ்சு அடைக்கும்.

வீடு என்றால், ஃபைனல் ஃபேன்டஸி 14இல் உங்கள் பாத்திரத்துக்கு நிலம் வாங்கி வீடு கட்டலாம். மனை தட்டுப்பாடு அதிகம், 2022 முதல் குலுக்கல் முறை வேறு. அப்படி அரும்பாடுபட்டு வாங்கிய வீட்டுக்குள் 45 நாள் காலெடுத்து வைக்காவிட்டால் இடித்துவிடுவார்கள். வீட்டு வரி கட்டாதவன் வீட்டைக்கூட எந்த மாநகராட்சியும் 45 நாளில் இடித்ததில்லை. காத்திருப்பவர்களுக்கு மனை வேண்டும் என்ற நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே விளையாட்டின் தயாரிப்பாளர் நவோகி யோஷிதா, சலித்துவிட்டால் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு ஏதாவது ஆடுங்கள், பிறகு வாருங்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். மனுஷர் சொல்வது மனதாரத்தான் என்று நம்புகிறேன். வீட்டை மட்டும் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

எல்லாமே இப்படித்தான் என்று சொன்னால் பொய். கில்டு வார்ஸ் 2 என்று 2012இல் வந்த விளையாட்டில் மாதச் சந்தா கிடையாது. உச்ச நிலை அன்றும் 80, இன்றும் 80. ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தாலும் பழைய கவசம் செல்லும். ஈவ் ஆன்லைனில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கினாலும் திறமை தன்பாட்டில் வளர்ந்துகொண்டிருக்கும். எனக்காகவே செய்ததுபோல் இருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். அங்கேயும் எக்ஸெல். ஓடி வந்துவிட்டேன்.

கிடைத்த நேரத்தில் மட்டும் ஆடும் எங்களை முழுநேர ஆட்டக்காரர்கள் கேஷுவல் என்பார்கள். அகராதியில் அது வசவு இல்லை, அவர்கள் சொல்லும்போது வசவுதான். தமிழில் இதற்கு உப்புக்குச் சப்பாணி என்று பழைய பெயர் உண்டு. கபடிக்கோ ஓடிப்பிடித்து ஆடவோ அண்ணன்களோடு வரும் பொடிசு. ஆட்டத்தில் உண்டு, கணக்கில் இல்லை. தொட்டாலும் அவுட் கிடையாது. அழாமல் இருக்கச் சேர்த்துக்கொள்வார்கள். நான் எங்கள் தெருவில் மூன்று வருஷம் அந்தப் பதவியில் இருந்தேன், ஒரு குறையும் இல்லை. இங்கே என்னை உப்புக்குச் சப்பாணியாகக்கூட வைத்துக்கொள்ள வழியில்லை. அசுரனுக்கு நான் பொடிசு என்று தெரியாது.

அவர்கள் பக்கத்துப் புகாரையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு வசதி செய்து கொடுத்துத்தான் இந்த உலகங்கள் கெட்டுப்போயின என்கிறார்கள். முன்பு ஒரு குகைக்குப் போக வேண்டுமென்றால் ஊர்ச் சதுக்கத்தில் நின்று, ஹீலர் வேண்டும், டேங்க் வேண்டும் என்று மணிக்கணக்கில் கூவ வேண்டும். அமைந்த ஐவரும் சேர்ந்து நடந்தே போவார்கள். வழியில் பேச்சு, வாயில் வந்த வம்பு. ஒரு நல்ல டேங்க் கிடைத்தால் பெயரைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். ஒரே சர்வர் என்பதால் மோசமாக நடந்துகொண்டவனின் பெயரும் ஊருக்கே தெரியும். 2009 டிசம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஒரு பொத்தானைக் கொண்டுவந்தது. அழுத்தினால் போதும், வெவ்வேறு சர்வர்களிலிருந்து நான்கு பேரைப் பிடித்து உங்களோடு கோத்து, குகை வாசலிலேயே இறக்கிவிடும். முடிந்ததும் கலைந்துவிடலாம். மற்ற விளையாட்டுகளும் அந்த வழிக்கு வந்தன.

எனக்கு அந்தப் பொத்தான் இல்லையென்றால் ஆட்டமே இல்லை. மணிக்கணக்கில் கூவ என்னிடம் மணி கிடையாது. ஆனால் பூதத்தின் முன்னால் என்னை நீக்க ஓட்டுப் போட்ட நால்வருக்கும் நான் யார்? அடுத்த பத்து நிமிஷத்தில் மறந்துவிடப் போகும் ஒரு பெயர். எனக்கும் அவர்கள் அப்படியே. ஊர்க்காரர் என்றால் திட்டிவிட்டாவது காத்திருந்திருப்பார். இந்தப் பேருந்து வசதியைக் கேட்டு வாங்கியது நாங்கள்தான். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் எனக்காக வண்டியை நிறுத்தச் சொல்லவில்லையே என்று இப்போது வருத்தப்படுகிறேன்.

ஒரே ஒரு தடவை வண்டி நின்றிருக்கிறது. மகளுக்கு அப்போது மூன்று வயது. ராத்திரி ஒரு மணி, குகையில் பாதி தூரம் போயிருந்தோம். அவள் விழித்து அழ ஆரம்பித்தாள். "குழந்தை எழுந்துவிட்டது, மன்னிக்கவும், என்னை நீக்கிவிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் தட்டினேன். டேங்காக இருந்தவர், "எனக்கும் இரண்டு. போய் வாருங்கள்" என்று எழுதினார். நான் மகளைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு வந்தபோது பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது. நால்வரும் என் பாத்திரத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரோ நடுவில் ஒரு கணப்பு மூட்டியிருந்தார்கள், ஒருவர் மீன் சுட்டு எல்லோருக்கும் வைத்திருந்தார். "தூங்கிவிட்டதா?" என்று ஒரு கேள்வி. தூங்கிவிட்டாள் என்றேன். எழுந்து போய் மிச்சக் குகையை முடித்தோம். அந்த டேங்கின் பெயரைக் குறித்துவைக்கத் தோன்றவில்லை.

பெரும்பாலான ராத்திரிகளில் நான் குழுவுக்கே போவதில்லை. ஏரிக்கரையில் தூண்டில் போடுகிறேன். அங்கே வழக்கமாக வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர். தவளைத் தொப்பி போட்ட ஒருவர் எனக்கு எப்போதும் கையசைப்பார், நானும் அசைப்பேன், பேசியதில்லை. நிக்கோலா டுஷ்னோ, நிக் யீ முதலானோர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுகிறவர்களைக் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இந்தக் கூட்டத்தில் பலரும் பெரும்பாலான நேரம் தனியாகத்தான் ஆடுகிறார்கள், மற்றவர்கள் சுற்றிலும் இருந்தால் போதும் என்றிருக்கிறார்கள் என்று சொன்னது. அம்மா மண்டபம் படித்துறையில் சாயங்காலம் போய் உட்காருகிறவர்களைக் கேட்டிருந்தால் அவர்களும் இதையே சொல்லியிருப்பார்கள்.

என்னைப் போன்றவர்களுக்கென்று இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி 14இல் 2019இலும், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் 2024 ஜனவரியிலும் வந்தது, நான் ஆடுவதிலும் பின்னாலேயே வந்துவிட்டது. குழுவில் மற்றவர்களுக்குப் பதில் கம்ப்யூட்டரே ஆடும் பாத்திரங்களைக் கூட்டிக்கொண்டு குகைக்குள் போகலாம். அவர்களுக்கு ஜெர்மனி நேரம் கிடையாது. என்னை நீக்க ஓட்டெடுப்பு கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை அந்த நால்வரோடு பழைய கல் பூதத்தைப் பார்க்கப் போனேன். பாதி வழியில் மாமியார் ரத்த அழுத்த மாத்திரையை எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்தார். எழுந்து போய்த் தேடிக் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, அவர் தங்கச்சி மகன் கல்யாணப் பேச்சில் கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். நால்வரும் விட்ட இடத்தில் விட்டபடி நின்றிருந்தார்கள். டேங்க் கேடயத்தை ஏந்தியபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாட் பெட்டியில் ஒரு வரிகூட இல்லை. நான் ஓரடி நகர்ந்ததும் நால்வரும் ஓரடி நகர்ந்தார்கள். பூதம் ஆறு நிமிஷத்தில் விழுந்தது, ஒருவரும் சாகவில்லை. பழக்க தோஷத்தில் "நன்றி" என்று தட்டினேன், பதில் வராது என்று அனுப்பிய பிறகுதான் நினைவு வந்தது.

சனிக்கிழமை காலை அந்தப் பழைய பொத்தானையே அழுத்தி, ஹீலர் என்று பதிவு செய்துகொண்டு உட்கார்ந்தேன். சிலிண்டர் இப்போதைக்கு வராது, போன வாரம்தான் மாற்றினோம்.